மின்வழங்கி வளர்ந்த கதை

கைத்தொலைபேசியின் பட்டரிக்கு மின்னூட்டும் சிறு பெட்டியைக் கையிலெடுத்துப் பார்ப்பவர், அதனுள்ளே வியத்தற்குரியது ஏதேனும் உண்டெனக் கருதமாட்டார். இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிவைத்தாற் போன்ற பருமன். ஒரு கோழிமுட்டையின் பாரம். சுவரிலுள்ள துளைகளிற் செருகியதும் அது 230 வோல்ட் அழுத்தமுள்ள ஆடலோட்டத்தை வாங்கி, 5 வோல்ட் நேரோட்டமாக மாற்றித் தந்துவிடுகிறது. இதே வேலையை 1980களிற் செய்த பெட்டியோ செங்கற்றுண்டு போலக் கனத்தது. சிறிது நேரஞ் சென்றதும் தொட்டாற் சுட்டது. தரும் மின்னின் அளவோ இன்றையதிலும் மிகக் குறைவு. அந்தப் பாரமும் அந்தச் சூடும் எங்கே போயின என்னும் வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், அது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னே இட்டுச் செல்லும்.

மின்னணுச் சாதனங்கள் யாவும், வானொலிப்பெட்டியாயினும் கணினியாயினும், தாழ்ந்த அழுத்தத்தில் ஆடாது அசையாது ஓடும் நேரோட்டத்தையே உண்டு வாழ்வன. வீட்டுக்கு வரும் மின்னோ விநாடிக்கு ஐம்பது முறை சுற்றிச்சுற்றித் திசைமாறும் ஆடலோட்டம். இவ்விரண்டுக்குமிடையே நின்று ஒன்றை மற்றொன்றாக்கித் தரும் கருவியே மின்வழங்கி. பழைய முறையில், இரும்புத் தகடுகளை அடுக்கி அவற்றின்மேற் செப்புக்கம்பி சுற்றிய நிலைமாற்றியொன்று முதலில் அழுத்தத்தைத் தாழ்த்தும். பின்னர்ச் சீராக்கி ஓட்டத்தை ஒரு திசைப்படுத்தும். கொள்ளளவி அதன் மேடுபள்ளங்களை நிரவும். இறுதியில் நிற்கும் ஒழுங்காக்கி, மிஞ்சிய அழுத்தத்தை வெப்பமாக எரித்துவிட்டு வேண்டிய அளவை மட்டும் வெளியே விடும். பத்து வோல்ட் வந்து ஐந்து வோல்ட் போதுமாயின், வந்த மின்வலுவிற் பாதி எரிந்து வீணாகும். வயலுக்குப் பாதி நீர் போதுமென்பதற்காக மீதிப் பாதியை வழியிலே மணலிற் கொட்டிவிட்டு வருபவனை எந்தக் கமக்காரனும் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டான். எனினும் மின்னணுவியல் பல்லாண்டுகளாக இதனையே செய்துவந்தது.

பாரத்துக்குக் காரணம் வேறு. நிலைமாற்றியின் இரும்பு உட்கருவைக் கிணற்றில் நீர் மொள்ளும் துலாப்பட்டையாகக் கொள்ளலாம். மணிக்கு ஐம்பது முறை மட்டுமே இறைக்கலாமென்று ஒரு கட்டுப்பாடு இருக்குமாயின், தோட்டத்துக்கு வேண்டிய நீரைப் பெறப் பட்டை மிகப் பெரிதாயிருத்தல் வேண்டும். ஆயிரம் முறை இறைக்கலாமெனின் சிறு வாளியே போதும். அதுபோலவே, விநாடிக்கு ஐம்பது முறை ஆடும் மின்னுக்குப் பெருத்த இரும்பு தேவை; இருபதினாயிரம் முறை ஆடுமாயின் விரல்நுனியளவு உட்கரு அதே வலுவைக் கடத்திவிடும்.

ஆதலின் செய்யவேண்டியது யாதெனின், மின்னோட்டத்தை மிக விரைவாக வெட்டி வெட்டி விடுதல். அதற்கொரு ஆளி வேண்டும். ஆளி முற்றாகத் திறந்திருக்கையில் அதனூடாக ஓட்டமே இல்லை. முற்றாக மூடியிருக்கையில் அதிலே தடையே இல்லை. இரு நிலையிலும் எரிந்து வீணாவது மிகச் சிறிதே. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதை மாற்றினால் வெளிவரும் அழுத்தமும் மாறும். துண்டுதுண்டாக வரும் மின்னைச் சுருளொன்றும் கொள்ளளவியொன்றும் ஏந்தி, குளம் நீரைத் தேக்குவதுபோலத் தேக்கிச் சமமாக விடும். ஆளிமுறை மின்வழங்கி எனப்படுவது இதுவே. எண்ணம் எளியது; பழையதுங் கூட. இல்லாதிருந்தது தேயாத, களைக்காத ஆளியொன்றே.

1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் இலண்டனிலே மைக்கேல் பரடே, இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றிச் சோதனை செய்தார். ஒரு சுருளில் மின்னைச் செலுத்தும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மட்டுமே மற்றச் சுருளில் மின் பிறந்தது; இடையில் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒன்றும் நிகழவில்லை. மாற்றமே மின்னைத் தூண்டுகிறது, ஓட்டம் அன்று என்னும் பேருண்மை அன்று வெளிப்பட்டது. அதனைப் பயனுறச் செய்யும் முயற்சியில் முன்னின்றவர் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் 1826 முதல் இயற்கைத் தத்துவம் கற்பித்த குருவானவர் நிக்கொலஸ் கலன். 1836இல் அவர் தூண்டற் சுருளை அமைத்தார். சிறு பட்டரியின் ஓட்டத்தைக் கைப்பிடியாற் சுழற்றும் பொறியொன்றினால் விரைந்து விரைந்து துண்டித்து, அதனால் மிகவுயர்ந்த அழுத்தத்தைப் பிறப்பித்தார். அழுத்தத்தை அளக்கக் கருவியில்லாத காலமாதலால், தம் மாணவர்களைக் கைகோத்து நிற்கவைத்து, அவர்கள் பெற்ற அதிர்ச்சியைக் கொண்டே சுருளின் வன்மையை மதிப்பிட்டார் என்பர். மாணவர்களின் கருத்து யாதோ!

கலன் தம் கருவியைப் போலொன்றை 1837இல் இலண்டனுக்கு அனுப்பினார்; அறிஞர் அதனைக் கண்டு வியந்தனர். ஆயினும் புகழ் அவருக்கு நிலைக்கவில்லை. பாரிஸ் நகரிற் கருவிகள் செய்து விற்ற ஜெர்மானியரான ரும்கோர்ஃப் என்பவர் 1850களில் அச்சுருளைத் திருத்தி, ஒரு முழ நீளத்துக்குச் சற்றே குறைந்த தீப்பொறி பாயுமளவுக்கு வளர்த்தெடுத்தார். அவர் கைவினையில் உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் உலகம் அதற்கு ரும்கோர்ஃப் சுருள் என்றே பெயரிட்டுவிட்டது. பாடநூல்களும் அப்பெயரையே எழுதின. 1864இல் மறைந்த கலனின் பெயர் அதன்பின் நெடுங்காலம் மேனூத்தின் மதில்களுக்குள்ளேயே உறங்கிற்று. செம்மையாகச் செய்து விற்றவனுக்குக் கிடைக்கும் பெயர் முதலில் எண்ணியவனுக்குக் கிடைப்பதில்லை என்னும் இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நன்று. இக்கதையின் மறுகோடியிலும் இதற்கு வேலையுண்டு.

அச்சுருளின் வழியாகவே 1887இல் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைக் கண்டார். 1895இல் ரொண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டார். மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை அனுப்பினார். 1908இல் வெளிவந்த ஃபோர்ட் கம்பனியின் ரி வகை மோட்டார் காரிலே, பெற்றோலைப் பற்றவைப்பதற்கு உருளைக்கு ஒன்றாக நான்கு சுருள்கள், மின்மணியின் நாக்குப் போலத் தாமே துடித்து ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. ஓட்டத்தை வெட்டி அழுத்தத்தை உயர்த்தும் வித்தை இவ்வாறு தெருவுக்கு வந்துவிட்டது.

வானொலியோடு அதற்கு நேர்ந்த உறவு மோட்டார் காரினுள்ளேதான் தொடங்கிற்று. வால்வுகளால் இயங்கிய வானொலிப்பெட்டிக்கு நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். காரின் பட்டரி அக்காலத்திற் பெரும்பாலும் 6 வோல்ட். 1930ஐ ஒட்டிக் காரில் வானொலி கேட்க விரும்பியவர்கள், இருக்கைக்குக் கீழோ காரின் தரைக்குக் கீழோ உலர் பட்டரிகளை அடுக்கிக்கொண்டு திரிந்தனர்; அவை தீரத்தீரப் புதியன வாங்குதல் வேண்டும். 1930களின் முற்பகுதியில் இத்தொல்லையைத் தீர்த்தது வைப்ரேட்டர் எனப்பட்ட அதிர்வி. உலோகக் குப்பிக்குள்ளே மெல்லிய எஃகுத் தகடொன்று விநாடிக்கு நூறு முறைக்கு மேல் இருபுறமும் மாறிமாறித் தட்டி, பட்டரியின் நேரோட்டத்தை வெட்டிவிடும். வெட்டுண்ட ஓட்டத்தைச் சிறு நிலைமாற்றி உயர்த்தித் தரும். தகட்டின் ரீங்காரம் பாட்டுக்கு இடையூறாகாதபடி குப்பியின் உட்புறத்தில் ரப்பரும் பஞ்சும் போன்ற மெத்தை இட்டிருந்தனர். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளிற்கூட, கார்ப் பட்டரியையும் அதிர்வியையும் கொண்டே செய்தியும் சங்கீதமும் கேட்கப்பட்டன.

அதிர்வியின் குறை அது அசைவது என்பதே. விநாடிக்கு நூறு முறை தட்டும் உலோக முனை ஒரு மணி நேரத்தில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட முறை தட்டுகிறது. தட்டுந்தோறும் நுண்ணிய பொறி பறக்கிறது. நாளடைவில் முனைகள் அரித்துக் குழிவிழும், அன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆதலால் வால்வைக் கழற்றி மாற்றுவதுபோல் அதனையும் கழற்றி மாற்றத்தக்கதாகவே செய்திருந்தனர். வானொலி நின்றதும் பெட்டியின் பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும் வழக்கத்துக்கு, ஒட்டிய தகடு விலகுமென்னும் நியாயமான காரணமும் உண்டு. பொறி பறக்கும் ஒலி வானொலியிற் புகுந்து இரைச்சலாகக் கேட்பதும் உண்டு. அதனைத் தடுக்கவென்றே தனியே வடிசுற்றுகள் வேண்டியிருந்தன. விரைவைக் கூட்டினாற் சிறு உட்கரு போதுமென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எஃகுத் தகட்டை விநாடிக்கு இருபதினாயிரம் முறை அசைக்க எவராலாகும்?

விடை 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. பார்டீன், பிரற்றெய்ன், ஷொக்லி ஆகிய மூவருடைய உழைப்பின் விளைவான டிரான்சிஸ்டரைப் பலரும் வால்வுக்குப் பதிலாக ஒலியைப் பெருக்கும் கருவியாகவே முதலிற் கண்டனர். அசையும் உறுப்பில்லாத ஆளியாகவும் அது பயன்படும் என்பதிலே மின்வழங்கியின் எதிர்காலம் அடங்கியிருந்தது. 1950களின் நடுவில் ஜோர்ஜ் றோயர் என்னும் பொறியியலாளர் இரு டிரான்சிஸ்டர்களையும் ஒரு காந்த உட்கருவையும் இணைத்து, உட்கரு காந்தத்தால் நிரம்பியதும் ஒன்று ஓய மற்றொன்று தொடங்கும்படி ஒரு சுற்றை அமைத்தார். அதிர்வியின் தகடு செய்ததை அது ஓசையின்றிச் செய்தது, தேய்வு இல்லை. 1960களின் முற்பகுதிக்குள் மோட்டார் கார்களிலிருந்து அதிர்வி மறையலாயிற்று.

உட்கருவின் பக்கத்திலும் ஒரு தடை இருந்தது. இரும்பை விரைந்து காந்தமாக்கி மாற்றினால் அதனுள்ளே சுழியோட்டங்கள் எழுந்து அதனைச் சுடவைக்கும். தகடுகளாகப் பிரித்து அடுக்கினாலும் இருபதினாயிரம் முறை ஆடலை அது தாங்காது. இதற்கு மருந்து முன்பே தோக்கியோவிற் கிடைத்திருந்தது. 1930இல் கற்றோ யோகொரோ, தகேய் தகேஷி என்னும் இருவர், இரும்பின் ஒட்சைட்டை வேறு உலோக ஒட்சைட்டுகளோடு கலந்து, குயவன் மட்பாண்டம் சுடுவதுபோற் சூளையிலிட்டுக் கருங்கல் போன்ற பொருளொன்றைப் பெற்றனர். பெரைட் எனப்படும் இப்பொருள் காந்தத்தைத் தன்னுட் செல்லவிடும். மின்னை எளிதிற் செல்லவிடாது. அதனை விற்பனைப் பொருளாகச் செய்யவே 1935இல் டி.டி.கே. என்னும் கம்பனி தொடங்கப்பட்டது. ஹொலந்தில் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்னூக் என்பவரும் இதனை வளர்த்தெடுத்தார். சூளையிற் சுட்ட இந்தக் கறுப்புக் கல் இல்லையேல் இன்றைய சிறு பெட்டி இல்லை.

விலையைப் பொருட்படுத்தாது பாரத்தை மட்டும் அஞ்சிய துறை ஒன்று அப்போது இருந்தது; அது விண்வெளி. ஓரிறாத்தல் குறைந்தாலும் ஆதாயமென்று எண்ணிய அத்துறையே ஆளிமுறையை முதலில் விரும்பி ஏற்றது. 1969 ஜூலையிற் சந்திரனில் மனிதர் இறங்கியபோது வழிகாட்டிய அப்பலோ கணினி, கலத்தின் 28 வோல்ட் மின்னை ஆளிமுறை வழங்கிகளாலேயே 14 வோல்ட்டாகவும் 4 வோல்ட்டாகவும் மாற்றிக்கொண்டது. பூமியிற் பயன்பட்ட கருவிகளுக்கு அது மெல்ல மெல்ல இறங்கிவந்தது. 1970ஐ ஒட்டி டெக்ட்ரோனிக்ஸ் கம்பனியின் அலைகாட்டிகளில் அது இடம்பெற்றது. 1972இல் ஹியூலெட் பக்கார்ட் கம்பனி வெளியிட்ட எச்.பி.35 என்னும் சட்டைப்பைக் கணக்குப்பொறியிலும் மிகச்சிறு உருவில் அமர்ந்தது. உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கி விரைந்து திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டதனால் மலிந்தன. 1976இல் சிலிக்கன் ஜெனரல் கம்பனியின் றொபேட் மமனோ, ஆளியைக் கட்டுப்படுத்தும் சுற்று முழுவதையும் ஒரே சில்லில் அடக்கினார்.

இந்த நிலையிலேதான் கலனின் கதை வேறு வேடத்தில் மீண்டும் வருகின்றது. 1977 ஏப்ரிலில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த கண்காட்சியில் அப்பிள் 2 கணினி வெளியிடப்பட்டது. விசிறியின் இரைச்சலில்லாத கணினி வேண்டுமென ஸ்டீவ் ஜொப்ஸ் விரும்பினார். பிளாத்திக்குப் பெட்டிக்குள்ளே பழைய வகை வழங்கியை வைத்தால் வெப்பத்தை வெளியேற்ற விசிறி இன்றியமையாதது. றொட் ஹோல்ட் என்னும் பொறியியலாளர், வீட்டு மின்னை நேரே சீராக்கி உயர்ந்த அழுத்த நேரோட்டமாக்கி, அதனை ஆளியால் வெட்டி, சிறு பெரைட் நிலைமாற்றியினூடாக நான்கு வேறு அழுத்தங்களைத் தரும் 38 வாட் வழங்கியொன்றை அமைத்துக் கொடுத்தார். அதற்கு 1978 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. சூடு குறைந்தது; பாரம் குறைந்தது; விசிறி தேவைப்படவில்லை. நேர்த்தியான வேலை என்பதை எவரும் மறுக்கவியலாது.

2011இல் வோல்டர் ஐசக்சன் எழுதிய ஜொப்ஸின் வாழ்க்கை வரலாற்றில், ஹோல்ட்டின் மின்வழங்கி ஒரு புரட்சியென்றும், பின்வந்த கணினிகள் யாவும் அவருடைய அமைப்பையே களவாடிக்கொண்டன என்றும் ஜொப்ஸ் கூறியதாக எழுதப்பட்டுள்ளது. மறைந்து நின்று உழைத்த பொறியியலாளர் ஒருவருக்குப் பெயர் கிடைக்கவேண்டுமென்னும் நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் அக்கூற்று வரலாற்றுக்கு ஒத்ததன்று. 2012இல் கென் ஷிரிஃப் என்னும் பொறியியலாளர் பழைய மின்சுற்றுகளையும் காப்புரிமைகளையும் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி, ஆளிமுறை வழங்கிகள் அப்பிளுக்குப் பல்லாண்டுகள் முன்னரே கணினிகளிலும் பிற கருவிகளிலும் இருந்தன என்றும், பின்வந்தவை ஹோல்ட்டின் சுற்றைப் பின்பற்றவில்லை, வேறு அமைப்புகளையே கொண்டன என்றும் காட்டினார். 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் 63.5 வாட் வழங்கியும் ஆளிமுறையதே. ஆயினும் அது ஹோல்ட்டின் வழித்தோன்றல் அன்று.

ஹோல்ட்டுக்குரிய பெருமையைக் குறைப்பதற்காக இதனை எடுத்துரைக்கவேண்டியதில்லை. ஆனால் அவரொருவரையே கர்த்தாவாக்கினால், றோயரும் மமனோவும் தோக்கியோவின் சூளைக்காரரும், உயர்ந்த அழுத்தத்துக்கு டிரான்சிஸ்டர் செய்த பெயர் தெரியாத தொழிலகத்தாரும் ரும்கோர்ஃபின் நிழலில் மறைந்த கலனைப்போல் மறைந்துபோவர். உண்மையில் 1970களில் எவரும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆளி மலிந்தது, உட்கரு மலிந்தது, கட்டுப்படுத்தும் சில்லு வந்தது. அதன்பின் பல ஊர்களிற் பலர் ஒரே முடிவுக்கு வந்தனர்.

கைச்சுமையான மின்னூட்டிப் பெட்டிகளில் மட்டும் பழைய இரும்பு இன்னுஞ் சில காலம் பிழைத்திருந்தது. விலை மலிவென்பதே அதன் பலம். செப்பின் விலை ஏறியதும் சட்டம் தலையிட்டதும் அதற்கு முடிவாயின. அமெரிக்கா 2007இல் இயற்றிய சட்டம், 2008 ஜூலை முதல் இத்தகைய பெட்டிகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்னை வீணாக்கலாகாதென விதித்தது. ஐரோப்பா 2009இல் அவ்வாறே ஒழுங்குவிதி செய்தது. இரும்பு நிலைமாற்றியால் அவ்விதியை மலிவாக நிறைவேற்ற முடியவில்லை. இன்று கலியம் நைத்திரைட்டு என்னும் குறைகடத்தியாலான ஆளிகள் இலட்சக்கணக்கான முறை திறந்து மூடி, மடிக்கணினிக்குரிய வழங்கியையும் உள்ளங்கையில் அடங்கச் செய்துவிட்டன.

சிறுமைக்கு ஒரு விலையும் உண்டு. பெட்டிக்குள்ளே 230 வோல்ட் பக்கத்தையும் மனிதர் தொடும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரித்து நிற்பது சில மில்லிமீற்றர் இடைவெளியும், நிலைமாற்றியின் கம்பிகளுக்கிடையே சுற்றிய மெல்லிய நாடாவுமே. வெளியே அழுத்தம் கூடிற்றா குறைந்ததா என்னும் செய்தியைக்கூட, நல்ல வழங்கிகளிற் பல, கம்பியால் உள்ளே அனுப்பாமல் ஒளிக்கீற்றால் அனுப்புகின்றன. ஒளி கடக்கும், மின் கடவாது. பெயர்போன கம்பனிகளின் உருவத்தைப் போலிசெய்து விற்கப்படும் மலிவுப் பெட்டிகளில் அந்த இடைவெளியையும் நாடாவையும் குறைத்துவிடுகின்றனர். மின்னூட்டும்போது தொலைபேசியைப் பிடித்திருந்தவர் அதிர்ச்சியுற்றதற்கு அதுவே காரணமாக அமைவதுண்டு. பழுதுபார்ப்பவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை: சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருத்தல் கூடும்.

வானொலி நேயர்களுக்கு இக்கருவியோடு ஒரு வழக்குங்கூட உண்டு. அதிர்வியின் பொறி இரைந்ததுபோலவே, விரைந்து வெட்டப்படும் மின்னும் இரையும். நுட்பமாகப் பார்த்தால் ஒவ்வோர் ஆளிமுறை வழங்கியும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமே. 1979இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு கணினிகள் எழுப்பும் இரைச்சலுக்கு எல்லை வகுத்தது. பிற நாடுகளும் வகுத்தன. இருந்தும், மாலை வேளையில் மத்திய அலையில் தொலைதூர நிலையமொன்றைத் தேடுபவர், குரல் வரவேண்டிய இடத்தில் ஒரே சீரான முரலொலியைக் கேட்பாராயின், வீட்டிலுள்ள மலிவு மின்குமிழ்களையும் மின்னூட்டிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தல் வேண்டும். ஒன்றை அணைத்ததும் குரல் தெளியும். அந்த ஒன்றைப் பெட்டியிலிருந்து தூர வைக்கலாம், அல்லது அதன் கம்பியைப் பெரைட் வளையமொன்றினுள் இரண்டு மூன்று முறை சுற்றிவிடலாம். கணினிக் கம்பிகளின் நுனிக்கருகே உருண்டு திரண்டு காணப்படும் கறுப்புக் குமிழ் அத்தகைய வளையமே. அதனுள்ளே இருப்பது கற்றோவும் தகேயும் 1930இற் சூளையிலிருந்து எடுத்த அதே கல்.